கடற்கரை ஊரில் பிலிம் கேமரா

பிலிமைக் கெமிக்கலில் கழுவுவதற்குக் கம்பெனிகள் தரும் டெவலப்பிங் அட்டவணையில் முதலில் கண்ணில் படுவது 20 டிகிரி செல்சியஸ் என்ற எண். மே மாத மதியத்தில் புதுச்சேரி வீடுகளின் மாடித் தொட்டித் தண்ணீர் 35 டிகிரியைத் தாண்டிவிடும். மார்கழியிலும் குழாய்த் தண்ணீர் 25-ஐ ஒட்டித்தான் இருக்கும். கடலூரிலும் இதே கதைதான். இந்தக் கரையில் பிலிமில் படம் எடுப்பவர் ஒளியைப் படிப்பதற்கு முன்னால் வெப்பத்தையும் ஓதத்தையும் உப்பையும் படித்துக்கொள்ள வேண்டும். எந்த கேமரா, எந்த லென்ஸ், எந்த ரோல் என்ற கேள்விகளுக்கு இங்கே கிடைக்கும் பதில்கள் அதிலிருந்துதான் வருகின்றன.

பழைய கேமரா வாங்கும்போது பாடியைவிட லென்சுக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். லென்சைக் கழற்றி, அப்பர்ச்சரை (ஒளி புகும் துவாரம்) முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் எந்த லென்சும் சுத்தமாகத்தான் தெரியும். வெள்ளை இழைகள் ஓரத்திலிருந்து மையம் நோக்கி ஓடினால் அது பங்கஸ். ஓரத்தில் வானவில் நிறத்தில் திட்டு தெரிந்தால் இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யும் செலவு பெரும்பாலும் லென்சின் விலையைத் தாண்டும். முன் கண்ணாடியில் சிறு பங்கஸ் இருந்தால் படத்தில் பெரிதாகத் தெரியாது. எதிர்வெயிலில் மட்டும் கறுப்பு வெளுத்துப் போகும். பின் கண்ணாடியில் அதே அளவு இருந்தால் வாங்கவே வேண்டாம்.

அடுத்து அப்பர்ச்சர் இதழ்கள். நம் வெப்பத்தில் ஃபோகஸ் வளையத்தின் கிரீஸ் இளகி இதழ்களின் மேல் படர்கிறது. துவாரத்தைச் சிறிதாக்கும் எப் 16-ல் வைத்து, பின்னாலிருக்கும் சிறு நெம்புகோலைச் சுண்டிவிட்டால் இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். சோம்பலாக மூடினால் ஷட்டர் திறந்து மூடுவதற்குள் இதழ்கள் தங்கள் இடத்துக்கு வந்து சேராது; வெயிலில் எடுத்த ஒவ்வொரு படமும் ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இருமடங்கு) கூடுதலாக எக்ஸ்போஸ் ஆகும். ஒளியை அளக்கும் மீட்டர் கெட்டுவிட்டது என்று பலரும் தவறாக நினைப்பது இதைத்தான். ஹீலியோஸ் போன்ற பழைய சோவியத் லென்சுகளில் சிலவற்றுக்கு முன்கூட்டியே கையால் மூடும் வளையம் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

பாடியில் என் தேர்வு எந்திர ஷட்டர்தான். பென்டாக்ஸ் கே1000, நிகான் எப்எம்2, யாஷிகா எப்எக்ஸ்-3, செனிட் எல்லாம் பேட்டரி இல்லாமலேயே எல்லா வேகத்திலும் ஓடும். பேட்டரி மீட்டருக்கு மட்டும். கேனன் ஏஇ-1 நல்ல கேமராதான், ஆனால் 6 வோல்ட் பேட்டரி இறந்தால் ஷட்டரும் நின்றுவிடும். உப்புக்காற்றில் பேட்டரி அறையின் பித்தளை முனைகள் பச்சை பூக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. அல்கலைன் பேட்டரி கசிந்து படிந்த வெள்ளைப் பொடியை, வினிகர் தொட்ட காதுப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, பிறகு ஆல்கஹால் தொட்ட குச்சியால் ஒருமுறை துடைக்கலாம். கே1000-க்கு மீட்டரை அணைக்கும் சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைப்பதே அணைப்பது. 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்காகச் செய்த பழைய கேமராவில் 1.5 வோல்ட் எல்ஆர்44 போட்டால் மீட்டர் தவறான அளவு காட்டும். காதுக் கருவிக்கு விற்கும் 675 எண் துத்தநாகக் காற்று செல் 1.4 வோல்ட் தருவதால் அதற்கு நெருங்கிய மாற்று. சில மாதங்களில் தீர்ந்துவிடும், அவ்வளவுதான்.

பின் கதவின் பள்ளங்களில் ஒட்டியிருக்கும் கறுப்பு நுரைப்பட்டையை விரலால் தொட்டுப் பாருங்கள். தார் போல ஒட்டினால் மாற்ற வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து மூங்கில் குச்சியால் சுரண்டி எடுங்கள். துகள் ஷட்டர் பக்கம் விழாமல் கேமராவைக் கவிழ்த்துப் பிடிப்பது முக்கியம். புது நுரை கிடைக்காவிட்டால் கறுப்பு உல்லன் நூலை அந்தப் பள்ளத்தில் ஒட்டினாலும் ஒளி புகாது. படம் எடுக்கும்போது உள்ளிருக்கும் மிரர் மேலே போய் இடிக்கும் இடத்திலும் ஒரு நுரை உண்டு. அது உதிர்ந்து ஃபோகசிங் திரையில் விழுந்தால் ஊதுபந்தால் ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தத் திரை மென்மையான பிளாஸ்டிக், ஆல்கஹால் பட்டால் போச்சு.

இனி பாதுகாப்பு. டப்பாவில் வைத்த அப்பளம் நமத்துப் போகும் வீட்டில் லென்ஸ் மட்டும் தப்பாது. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் பங்கஸ் முளைக்கத் தொடங்கும். இங்கே வருடத்தின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். மின்சார உலர் அலமாரி இருந்தால் 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். 30-க்குக் கீழே இறக்கினால் கிரீசும் தோலும் காய்ந்துவிடும். அலமாரி வாங்க முடியாதவர்களுக்கு ரப்பர் வளையமும் நான்கு பக்கக் கொக்கியும் உள்ள பிளாஸ்டிக் டப்பாவே போதும். 15 லிட்டர் டப்பாவுக்கு கால் கிலோ சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பதமானி. மானி இல்லாமல் ஜெல்லை மட்டும் நம்பக் கூடாது. நிறம் மாறிய ஜெல்லை 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் வேலை செய்யும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, ஆகவே அதைச் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். ஆரஞ்சு நிற ஜெல்லாகப் பார்த்து வாங்குங்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கும் பழக்கத்தால் மாவுத்தூள்தான் லென்சுக்குள் போகும்.

கேமராவோடு வந்த தோல் உறையைத் தனியாக வையுங்கள். பங்கஸ் முதலில் குடியேறுவது அதில்தான். பீரோவுக்குள் துணிகளோடு கேமராவை வைக்கும் வழக்கமும் வேண்டாம். வாரம் ஒருமுறை எடுத்து ஷட்டரை எல்லா வேகத்திலும் ஓட்டி, அப்பர்ச்சரைத் திறந்து மூடிப் பயன்படுத்துகிற கேமராவே இந்த ஊரில் நீண்ட நாள் வாழ்கிறது.

கடற்கரைக்குப் போகும்போது இரண்டு ஆபத்து. முதலாவது ஏசி. ஏசி அறையிலிருந்து எடுத்த கேமராவை வெளியே கொண்டுவந்ததும் லென்ஸ் வியர்க்கும், உள் கண்ணாடியிலும் வியர்க்கும். ஏசி அறையிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் வியர்வை கவரின் மேலோடு நின்றுவிடும். இரண்டாவது உப்புத் துளி. புதுச்சேரி பீச் ரோட்டில் பல இடங்களில் மணலுக்குப் பதில் கருங்கல் கொட்டிய கரை. அலை கல்லில் மோதிச் சிதறும் துளி, காற்று கடலிலிருந்து அடிக்கும்போது நடைபாதை வரை வரும். யூவி ஃபில்டர் படத்துக்கு எதுவும் கூட்டாது என்ற வாதம் கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊர்களில் உண்மைதான். கடற்கரையில் மட்டும் அது முன் கண்ணாடியின் ஆயுள் காப்பீடு. காய்ந்த உப்பை நேராகத் துணியால் தேய்த்தால் கோட்டிங்கில் கீறல் விழும். முதலில் ஊதுபந்து, பிறகு ஆர்ஓ தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோ ஃபைபர் துணியால் ஒற்றி எடுப்பது, கடைசியாக உலர்ந்த துணி. பாடியையும் அன்று இரவே ஈரத்துணியால் துடையுங்கள். கடலைப் பார்த்து நின்றபடி ரோல் மாற்றாதீர்கள்; முதுகைக் கடலுக்குக் காட்டி, முடிந்தால் ஒரு சுவர் மறைவில்.

ரோல்களை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டு வைப்பதும் வெயிலில் நிறுத்திய கார் டேஷ்போர்டில் வைப்பதும் கலர் பிலிமுக்கு மோசமான கேடு. மூன்று நிற அடுக்கும் ஒரே சீராகக் கெடாது, அதனால் பின்னால் ஸ்கேனில் திருத்தவே முடியாத ஒரு சாயல் ஏறிவிடும். வாங்கியதும் டப்பாவோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு மணி நேரம், ஃபிரீசரிலிருந்து என்றால் இரண்டு மணி நேரம், டப்பாவைத் திறக்காமல் வெளியே இருக்க வேண்டும். பின்தாளோடு சுற்றி வரும் அகலமான 120 ரோலில் இன்னொரு சிக்கல்: ஈரம் பட்டால் பின்தாளில் அச்சிட்ட எண்கள் வானத்தின் நடுவே நெகட்டிவில் பதிந்துவிடும். எடுத்து முடித்த 120 ரோலை அலுமினியத் தாளில் சுற்றி ஜிப் கவரில் போட்டு, ஒரு வாரத்துக்குள் கழுவிவிடுவது நல்லது. கேமராவுக்குள் பாதி ரோலை மழைக்காலம் முழுக்க விட்டுவைக்காதீர்கள்.

பழைய ஸ்டுடியோக்களில் காலாவதி ரோல்கள் கிடைப்பதுண்டு. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த இந்து கறுப்பு வெள்ளைப் பிலிமும் அரிதாகத் தென்படும். பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் கூட்டு என்ற பொது விதி குளிர்ச்சியாக வைத்த பிலிமுக்குச் சொன்னது. மொட்டைமாடி அறையில் பல கோடைகளைக் கண்ட ரோலுக்கு அது பொருந்தாது. எவ்வளவு எக்ஸ்போஷர் கொடுத்தாலும் மூட்டம்தான் மேலோங்கும். ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணத்துக்குப் போடாதீர்கள்.

ஒளிக்கு வருவோம். புதுச்சேரியின் டூமா வீதியும் ரோமன் ரோலன் வீதியும் கடலுக்கு இணையாக வடக்குத் தெற்காக ஓடுகின்றன. மேற்கு வரிசை வீடுகள் கிழக்கு பார்த்தவை, காலை வெயில் அவற்றுக்கு. ஆனால் சூரியன் எதிர்வரிசைக் கூரையைத் தாண்டும்வரை சுவரின் கீழ்ப்பாதி நிழலில்தான் இருக்கும், ஆகவே விடியலிலேயே போய் நிற்பதில் பயனில்லை. விடியலுக்கு ஏற்றவை கடலை நோக்கிப் போகும் குறுக்கு வீதிகள். சூரியன் வீதியின் முனையிலேயே நிற்கும். கிழக்கு வரிசை வீடுகளுக்கு மாலை வெயில். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே பாதி ரோல் மிச்சம்.

அந்த வீதிகளின் மஞ்சள் சுவர் மீட்டரை ஏமாற்றும். வெயில் பட்ட மஞ்சள் சுவர் சட்டம் முழுக்க நிறைந்தால் மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், சுவர் கடுகு நிறத்திலிருந்து சேற்று நிறத்துக்கு இறங்கிவிடும். ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். வெள்ளைச் சுவருக்கும், 1836-ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கத்தின் வெள்ளைக் கோபுரத்துக்கும் ஒன்றரை. கறுப்பு வெள்ளையில் பழக்கதோஷத்தில் மஞ்சள் ஃபில்டர் மாட்டுகிறோம். வானம் கறுக்கும், உண்மை. ஆனால் மஞ்சள் சுவர் வெளுத்து, அதன் வெள்ளைப் பட்டிகளோடு கலந்து கட்டடமே தட்டையாகிவிடும். கட்டடம்தான் படம் என்றால் ஃபில்டரே வேண்டாம். 80ஏ நீல ஃபில்டரை மாட்டி 2 ஸ்டாப் கூட்டினால் சுவர் அடர்ந்து பட்டிகள் எடுத்துக்காட்டும். வானம் வெளுக்கும் என்பதால் வானத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுங்கள்.

கலர் பிலிமில் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நிலைத்திருப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. கோடக் கோல்டு 200 மஞ்சளைத் தூக்கிக் காட்டும், மாலையில் எடுத்தால் ஆரஞ்சுக்கே போய்விடும். எக்டார் 100 நேர்வெயிலில் படகுகளின் நீலம் சிவப்பை அள்ளித் தரும்; நம் மாநிறத்தை மட்டும் செம்மையாக்கிக் கெடுக்கும், குறைத்து எக்ஸ்போஸ் செய்தால் நிழல் நீலம் பாயும். முகங்கள் முக்கியம் என்றால் போர்ட்ரா 400, அதையும் 200 என்று மீட்டரில் வைத்து எடுங்கள். நெகட்டிவ் பிலிம் கூடுதல் ஒளியைத் தாங்கும், குறைவைத் தாங்காது. சினிமா ரோலை அறுத்து விற்கும் 250டி, 500டி வாங்கினால் பின்புறம் கறுப்புப் பூச்சு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூச்சுள்ள ரோலை கலர் நெகட்டிவை வழக்கமான சி-41 முறையில் கழுவும் லேபுக்குச் சொல்லாமல் கொடுத்தால், அவர்களுடைய கெமிக்கலும் அன்று அதில் ஓடும் மற்றவர்களின் படங்களும் பாழாகும்.

வெயிலில் ஐஎஸ்ஓ 400 பிலிமுக்கு எப் 16, 1/500 விநாடி. மணலும் கடலும் சட்டத்தில் இருந்தால் எப் 22. கே1000-ன் உச்ச வேகம் 1/1000 என்பதால் பகலில் எப் 11-க்கு மேல் திறக்கவே வழியில்லை. மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையிலோ கடலூர் தேவனாம்பட்டினத்திலோ உச்சிவெயிலில் எடுக்கப் போகிறவர்கள் 100 அல்லது 125 பிலிம் போடுவது இதனால்தான். வெள்ளை வேட்டியும் கறுத்த முகமும் ஒரே சட்டத்தில் வரும் நாள் அது. உள்ளங்கையை அதே வெயிலில் பிடித்து மீட்டர் எடுத்து ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். உள்ளங்கை யாருக்கும் பெரிதாக வேறுபடாது, கையோடும் வரும். பிறகு கழுவும்போது நேரத்தை 15 சதவீதம் குறைத்தால் வேட்டியின் மடிப்பு வெளுக்காது. பிச்சாவரத்தில் கதை தலைகீழ். திறந்த நீரிலிருந்து சுரபுன்னை மரங்களுக்கு அடியில் படகு நுழைந்ததும் ஒளி நான்கைந்து ஸ்டாப் விழும், படகும் ஆடும். 400 பிலிம், 1/250-க்குக் குறையாத வேகம், 35 எம்எம் லென்ஸ்.

விடியலுக்கு முன் கடலை நீண்ட எக்ஸ்போஷரில் எடுப்பவர்கள் பிலிம் ஒளிக்கு மந்தமாவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இல்ஃபோர்டின் கறுப்பு வெள்ளைப் பிலிமான எச்பி5-க்கு மீட்டர் 10 விநாடி என்றால் 20 விநாடி; 30 என்றால் 86. அதே கம்பெனியின் எப்பி4-க்கு 10 விநாடி 18 ஆகும். பௌர்ணமி நிலா கடலிலிருந்து எழுவது இந்தக் கரையின் பெரிய காட்சி, ஆனால் 135 எம்எம் லென்சில் நிலா நெகட்டிவில் 1.2 மில்லிமீட்டர்தான் இருக்கும். நிலாவைப் பெரிதாக்கப் பார்க்காமல், கடல்மேல் விழும் அதன் பாதையை 50 எம்எம் லென்சில் எடுங்கள்.

கழுவுவதுதான் இந்த ஊரில் நிஜமான சவால். கறுப்பு வெள்ளையை வீட்டில் கழுவ நினைப்பவர்கள் 20 டிகிரியை மறந்துவிட்டு 24-ஐப் பிடியுங்கள். 32 டிகிரி அறையில் 20-க்கு இறக்கிய டெவலப்பர், பத்து நிமிடத்தில் தானாக மேலே ஏறும். எவ்வளவு ஏறியது என்று தெரியாமல் நேரத்தைத் திருத்த முடியாது. 24-ல் அந்த ஏற்றம் குறைவு, அட்டவணைகளும் 24-க்கு நேரம் தருகின்றன. முந்தைய நாளே நான்கைந்து பெட் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி ஃபிரீசரில் வையுங்கள். பெரிய பிளாஸ்டிக் டப்பில் பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஒரு பாட்டிலைப் போட்டு 24 வந்ததும் எடுத்துவிடுங்கள். படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர், அதை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சர், அலசும் தண்ணீர் எல்லாமும் அதே டப்பில் நிற்க வேண்டும். பலரும் அலசும் தண்ணீரை விட்டுவிடுகிறார்கள். 24 டிகிரி ஃபிக்சரிலிருந்து வந்த பிலிமை 33 டிகிரி குழாயடியில் காட்டினால் பிலிமின் ஜெலட்டின் பூச்சு ஊதி இளகும், நகம் பட்டாலே வழித்துக்கொண்டு வரும்.

கழுவும் டேங்கின் ரீலில் பிலிமை ஏற்றுவது வியர்வையோடு நடக்கும் போராட்டம். ஒளி புகாத சேஞ்சிங் பேக்கில் கை நுழைத்த ஐந்து நிமிடத்தில் உள்ளே ஈரம் ஏறும், பிளாஸ்டிக் ரீலில் பிலிம் பாதியில் சிக்கும். இரவில் ஃபேன் ஓடும் அறையில், ரீலை ஹேர் டிரையரால் உலர்த்தி, பிலிம் முனையின் இரு மூலைகளையும் லேசாக வளைத்து வெட்டிவிட்டு ஏற்றினால் ஓடும். சிக்கினால் இழுக்க வேண்டாம். டேங்கிற்குள் போட்டு மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பத்து நிமிடம் கழித்து வாருங்கள்.

டெவலப்பரான டி-76 பொடியை முழுப் பொட்டலமாகவே கரைக்க வேண்டும். பாதி எடுத்தால் உள்ளே இருக்கும் பொருள்களின் விகிதம் மாறும். 50 முதல் 55 டிகிரி ஆர்ஓ தண்ணீர். போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பும் உப்பும் வேண்டாம். சின்ன பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி ஃபிரிட்ஜுக்கு வெளியே இருப்பதிலேயே குளிர்ச்சியான அலமாரியில் வையுங்கள். கம்பெனி சொல்லும் ஆறு மாத ஆயுளை இங்கே பாதியாக எடுத்துக்கொள்வது என் வழக்கம். எச்பி5-க்கு, டி-76-க்கு இணையான இல்ஃபோர்டு டெவலப்பர் ஐடி-11 ஒன்றுக்கு ஒன்று கலவையில் 20 டிகிரிக்கு 13 நிமிடம், 24-க்கு ஏறத்தாழ 9. கலக்காமல் முழு வீரியத்தில் ஊற்றினால் நேரம் ஐந்து நிமிடத்தை நெருங்கும். ஐந்துக்குக் கீழே போனால் வானத்தில் திட்டுத்திட்டாக வரும். அதனால்தான் வெப்ப ஊரில் கலவையே மேல். ஒரு 35 எம்எம் ரோலுக்கு 150 மில்லி டெவலப்பர், 150 மில்லி தண்ணீர். ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிடுங்கள். முதல் 10 விநாடியில் நான்கு முறை கவிழ்த்து, பிறகு ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் நான்கு முறை. கவிழ்த்த பின் டேங்கைத் தரையில் ஒரு தட்டு தட்டினால் காற்றுக்குமிழ் ஒட்டாது.

ஸ்டாப் பாத் 10 விநாடி போதும். ஃபிக்சருக்கு வெட்டிய பிலிம் முனையை வைத்துச் சோதியுங்கள்: பால் நிறம் போய்த் தெளிய 1 நிமிடம் ஆனால் மொத்த நேரம் 2 நிமிடம். புதிதாக இருந்தபோது ஆன நேரம் இரட்டிப்பானால் அந்த ஃபிக்சர் தீர்ந்தது. ரெடிமேட் ஃபிக்சருக்குப் பதில் ஹைப்போ உப்பை வாங்கிக் கரைப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கரையும்போதே தண்ணீர் சில்லென்று ஆகும், ஐஸ் செலவு குறையும். ஆனால் அது மெதுவான ஃபிக்சர், பத்து நிமிடம் வேண்டும்.

அலச ஓடும் குழாய் தேவையில்லை. டேங்கில் 24 டிகிரி தண்ணீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். மீண்டும் நிரப்பிப் பத்து முறை, மூன்றாவதாக இருபது முறை. இல்ஃபோர்டு சொல்லும் முறை இது, ஒரு லிட்டருக்குள் முடிந்துவிடும். கடைசியாக அரை லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் நீர்த்திட்டு விழாமல் தடுக்கும் போட்டோ ஃப்ளோ 2.5 மில்லி. கூடுதலாக ஊற்றினால் பிசுபிசுப்பு தங்கும்.

குளியலறையில் ஷவரைத் திறந்து தூசியை அமர்த்திவிட்டு, ஃபேன் இல்லாமல் தொங்கவிடுங்கள். பங்குனியில் மூன்று மணி நேரத்தில் காய்வது ஐப்பசியில் இரவு முழுக்க எடுக்கும். தொட்டால் காய்ந்தது போலிருக்கும் நெகட்டிவை அவசரமாக உறையில் போட்டால் பளபளப்புத் திட்டாக ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது. உறை பாலிப்புரொப்பிலீனாக இருக்கட்டும். கண்ணாடித்தாள் உறை ஈரத்தை இழுக்கும், பிவிசி உறை நாளடைவில் பிலிமோடு ஒட்டும். வெள்ளிமீன் பூச்சிக்கு ஜெலட்டின் விருந்து, எனவே அட்டைப்பெட்டி வேண்டாம். புனித லூயி வீதியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் பெருந்தொகுப்பாக இருக்கின்றன. இதே கடலிலிருந்து சில நூறு மீட்டரில். சீரான குளிர்ச்சியும் உலர்வும் தந்தால் இந்த ஊரிலும் நெகட்டிவ் வாழும். வீட்டில் அதற்குச் சமமான இடம் கேமரா டப்பாதான்: லென்சுக்கு வைத்த அதே சிலிக்கா ஜெல், அதே 40 முதல் 50 சதவீதம், மேற்கு வெயில் படாத சுவரோரம். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் அந்த ரோலை உடனே தனியே பிரித்து, முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள்.